விழித்திரைப் படத்தில் மாடல் எதைப் பார்க்கிறது? கருத்துரு வழியாக விளக்கம் பெறுவது பற்றி

செங்காந்தள் | திங்கள், இரவு 9.40

வணக்கம். நீரிழிவு உள்ளவர்களின் விழித்திரைப் படத்தைப் பார்த்து, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் செயற்கை நுண்ணறிவு மாடல் ஒன்றில் எட்டு மாதங்களாக வேலை செய்கிறேன். படங்கள் பெரும்பாலும் கிராமப்புற முகாம்களில் எடுத்தவை. சரிபார்ப்புப் படங்களில் மாடல் நன்றாகவே தேறிவிட்டதால் நிம்மதியாக இருந்தேன். சென்ற மாதம் எங்களுக்கு உதவும் கண் மருத்துவர் ஒரு படத்தைத் தனியே எடுத்து வைத்து, "இதை ஏன் மூன்றாம் நிலை என்கிறது?" என்று கேட்டார். மாடல் படத்தின் எந்தப் பகுதியைக் கவனித்தது என்று நிறங்களால் காட்டும் வெப்பப் படத்தைக் காட்டினேன். விழித்திரையின் கீழ்ப்பாதியில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மேகம். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். "அங்கே பார்த்திருக்கிறது, சரி. அங்கே எதைப் பார்த்தது? இரத்தக்கசிவு இருக்கிறது, கொழுப்புப் படிவு இருக்கிறது, லென்ஸில் பட்ட வெளிச்சமும் இருக்கிறது. மூன்றில் எது?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்றிரவே படிக்கத் தொடங்கினேன். வெப்பப் படங்களைப் பற்றி 2018இல் அடெபாயோவும் உடன் பணியாற்றியவர்களும் செய்த சோதனை என்னை உலுக்கிவிட்டது. பயிற்சி பெற்ற மாடலின் எடைகளை (கற்றதைச் சேமித்து வைத்திருக்கும் எண்களை) வேண்டுமென்றே கலைத்து, ஒன்றுமே அறியாத மாடலாக ஆக்கிவிட்டு, அதே விளக்க முறைகளை ஓடவிட்டார்கள். சில முறைகள் அப்போதும் ஏறக்குறைய அதே படத்தைத் தந்தன. மாடலுக்கு ஒன்றும் தெரியாதபோதும் விளக்கம் மாறாமல் இருக்கிறது என்றால், அது எதை விளக்குகிறது? நான் பயன்படுத்திய வெப்பப் பட முறையான கிராட்-கேம் அந்தச் சோதனையில் தேறியது என்பது சிறிய ஆறுதல். ஆனாலும் மருத்துவரின் கேள்வி அப்படியே நிற்கிறது.

அப்படித்தான் கருத்துரு இடுக்கு மாடல்களுக்கு வந்து சேர்ந்தேன். 2020இல் பாங் வெய் கோவும் குழுவினரும் எழுதிய கட்டுரையில் இதன் வடிவம் தெளிவாக இருக்கிறது. படத்திலிருந்து நேராக முடிவுக்குத் தாவாமல், நடுவில் மனிதர் பெயரிட்டு வைத்திருக்கும் சில கருத்துருக்களை மாடல் முதலில் சொல்ல வேண்டும். அந்தக் கருத்துருக்களை மட்டும் வைத்து முடிவைச் சொல்ல வேண்டும். குடுவையில் உள்ள எல்லாமே அதன் குறுகிய கழுத்து வழியாகத்தான் வெளியே வர முடியும் அல்லவா, அதைப் போல. அவர்கள் முழங்கால் எக்ஸ்ரே படங்களில் எலும்பு முள், மூட்டு இடைவெளி குறைவது போன்றவற்றைக் கருத்துருக்களாக வைத்து மூட்டுத் தேய்மானத்தின் நிலையைக் கணித்தார்கள். துல்லியம் பெரிதாகக் குறையவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: மாடல் "எலும்பு முள் இருக்கிறது" என்று தவறாகச் சொன்னால், மருத்துவர் அந்த ஒரு கருத்துருவை மட்டும் திருத்தலாம். முடிவு உடனே புதிதாகக் கணிக்கப்படும்.

நானும் அப்படியே கட்டினேன். ஐந்து கருத்துருக்கள்: நுண்புடைப்பு (மைக்ரோஅனூரிசம், நுண்குழாயில் வரும் சிறு வீக்கம்), இரத்தக்கசிவு, கொழுப்புப் படிவு, பஞ்சுத் திட்டு (பஞ்சு போன்ற வெண்மையான மங்கல் திட்டு), புதிதாக முளைத்த இரத்தக்குழாய்கள். மேலே, அந்த ஐந்தின் எண்களையும் எடைபோட்டுக் கூட்டி நிலையைச் சொல்லும் ஓர் எளிய நேர்கோட்டு அடுக்கு. முந்தைய மாடலைவிடத் துல்லியம் சிறிதளவே குறைந்திருக்கிறது. மருத்துவர் கேட்டால் இப்போது ஐந்து எண்களைக் காட்ட முடியும்.

என் கேள்வி: இந்த எண்களை நம்பலாமா? "பஞ்சுத் திட்டு 0.91" என்று மாடல் சொல்லும்போது அது உண்மையாகவே பஞ்சுத் திட்டைத்தான் பார்க்கிறதா?

---

வைகைக்கரை | திங்கள், இரவு 11.15

செங்காந்தள், நான் கண் மருத்துவன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக விழித்திரைதான் என் வேலை. கணிதம் எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் ஐந்து கருத்துருக்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில் மகிழ்ச்சி. எங்களுடைய படிநிலை முறையே இப்படிப்பட்ட கருத்துருக்களால் கட்டப்பட்டதுதான். நுண்புடைப்பு மட்டும் இருந்தால் முதல் நிலை. அதற்கு மேல் ஏதாவது இருந்து, கடுமையான அளவை எட்டாவிட்டால் இரண்டாம் நிலை. புதுக் குழாய்கள் வந்துவிட்டால், அல்லது அவை வெடித்து விழித்திரைக்கு முன்னால் இரத்தம் தேங்கிவிட்டால் நான்காம் நிலை. ஆகவே உங்கள் மாடல் எங்கள் மொழியில் பேச முயல்கிறது.

ஆனால் மூன்றாம் நிலையை எப்படி முடிவு செய்கிறோம் தெரியுமா? 4-2-1 என்று ஒரு விதி. விழித்திரையை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கிலும் இருபதுக்கு மேற்பட்ட இரத்தக்கசிவுகள் இருக்க வேண்டும். அல்லது இரண்டு கால்பகுதிகளில் சிரைகள் மணி கோத்தது போல வீங்கியிருக்க வேண்டும். அல்லது ஒரு கால்பகுதியிலாவது விழித்திரைக்குள்ளேயே நுண்குழாய்கள் தாறுமாறாகக் கிளைத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தால் போதும். உங்கள் பட்டியலில் சிரையின் மணி வீக்கமும் இல்லை, தாறுமாறான நுண்குழாய்களும் இல்லை. இரத்தக்கசிவும் "உண்டு, இல்லை" என்றுதான் இருக்கிறது. எத்தனை, எந்தக் கால்பகுதியில் என்று இல்லை. பிறகு உங்கள் மாடல் இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் எப்படி வேறுபாடு காண்கிறது? நீங்கள் கொடுத்த ஐந்து சொற்களால் அந்த வேறுபாட்டைச் சொல்லவே முடியாது. ஆனாலும் அது சரியாகச் சொல்கிறது என்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கருத்துருக்களில் நாங்களே ஒத்துப்போவதில்லை. 2016இல் கூகுள் குழு வெளியிட்ட விழித்திரை ஆய்வுக்கு அமெரிக்காவிலிருந்தும், இந்தியாவில் அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மருத்துவமனைகளிலிருந்தும் படங்கள் போயின. 54 மருத்துவர்கள் பார்த்தார்கள். ஒவ்வொரு படத்தையும் மூவர் முதல் எழுவர்வரை பார்க்க வேண்டியிருந்தது. ஏன்? ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. பின்னால் வந்த ஓர் ஆய்வில், மருத்துவர்கள் வேறுபட்ட இடங்களைக் கூடிப் பேசித் தீர்த்தபோது பெரும்பாலும் மூன்று காரணங்களே தென்பட்டன: நுண்புடைப்பைக் கவனிக்காமல் விட்டது, படத்தின் கோளாறை நோய் என்று எண்ணியது, இரத்தக்கசிவை வேறொன்றாகக் குறித்தது. உங்கள் பயிற்சிப் படங்களில் கருத்துருக்களைக் குறித்தவர்கள் எத்தனை பேர்?

---

செங்காந்தள் | செவ்வாய், காலை 7.05

டாக்டர், ஒருவர்தான் குறித்தார். அவர் பெரும் உழைப்பைக் கொடுத்தார், ஆனால் ஒருவர்தான். நீங்கள் கேட்ட இரண்டாம், மூன்றாம் நிலைக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இரவு முழுவதும் அதையே யோசித்தேன்.

---

ஒளிநிழல் | செவ்வாய், காலை 10.30

அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் அதைக் கசிவு என்கிறோம். (இரத்தக்கசிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது தகவல் கசிவு.)

நீங்கள் கருத்துருவையும் முடிவையும் ஒரே பயிற்சியில் சேர்த்துக் கற்பித்தீர்களா? பெரும்பாலும் அப்படித்தான் செய்திருப்பீர்கள், அதுதான் நல்ல துல்லியம் தரும். அப்போது மாடலுக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் "இரத்தக்கசிவு இருந்தால் 1, இல்லாவிட்டால் 0" என்கிறார். மற்றவர் "நிலையைச் சரியாகச் சொல்" என்கிறார். இருவரையும் திருப்திப்படுத்த மாடலுக்கு ஒரு வழி உண்டு. இரத்தக்கசிவு குறைவாக இருந்தால் 0.74, மிகுதியாக இருந்தால் 0.98 என்று எண்ணைத் தருகிறது. இரண்டுமே பாதிக்கு மேல், ஆகவே முதல் ஆசிரியருக்குப் பெரிய குறை இல்லை. மேலே இருக்கும் அடுக்கோ அந்த 0.74க்கும் 0.98க்கும் இடையில் இரண்டாம் நிலையையும் மூன்றாம் நிலையையும் பிரித்துவிடுகிறது. சொல்லில் இல்லாத செய்தி எண்ணின் பின்னத்தில் ஏறிப் போகிறது. 2021இல் மகின்பேயும் மற்றவர்களும் இதை விரிவாகக் காட்டினார்கள். கருத்துருக்களை முதலில் தனியே கற்பித்துவிட்டு அடுத்த அடுக்கை வேறாகக் கற்பித்தாலும் கசிவு முழுமையாக நிற்பதில்லை. கருத்துருவைக் கறாராக 0 அல்லது 1 என்று வெட்டினால் கசிவு பெரிதும் அடைபடும், துல்லியம் குறையும். அந்தக் குறைவுதான் உங்கள் மாடல் கருத்துருவுக்கு வெளியே எவ்வளவு சம்பாதித்துக்கொண்டிருந்தது என்பதற்கான கணக்கு. அதைப் பார்த்து வருந்த வேண்டாம், அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இது முதல் சோதனை. இரண்டாவது, எனக்கு இன்னும் முக்கியமானது: மறைத்துப் பாருங்கள். மகாராட்டிரத்தின் நாந்தேடில் எடுத்த விழித்திரைப் படங்களின் பொதுத் தொகுப்பு ஒன்று 2018இல் வெளியானது, ஐடிரிட் என்பார்கள். மொத்தம் 516 படங்கள். அவற்றில் 81 படங்களில் நுண்புடைப்பு, இரத்தக்கசிவு, கொழுப்புப் படிவு, பஞ்சுத் திட்டு ஆகியவற்றின் எல்லையைப் புள்ளி புள்ளியாக வரைந்து வைத்திருக்கிறார்கள். பஞ்சுத் திட்டு இருக்கும் படத்தில் அந்தத் திட்டை மட்டும் சுற்றியுள்ள விழித்திரை நிறத்தால் நிரப்பி மறையுங்கள். கறுப்புக் கட்டம் போடாதீர்கள். கறுப்புக் கட்டத்தை மாடல் எங்கும் பார்த்ததில்லை, அதற்கே மிரளும். பிறகு எண் விழுகிறதா என்று பாருங்கள். ஒப்பிடுவதற்கு, நோய்க்குறி எதுவும் இல்லாத இடத்தில் அதே அளவு பரப்பையும் மறைத்துப் பாருங்கள். பஞ்சுத் திட்டே இல்லாத படத்தில் "பஞ்சுத் திட்டு 0.91" என்று அது தொடர்ந்து சொன்னால், அந்தப் பெயரை அந்த எண்ணுக்கு வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெப்பப் படத்தைப் பார்க்கும் மருத்துவர் ஐயத்தோடு பார்க்கிறார். பெயர் எழுதிய எண்ணைப் பார்த்தால் ஐயம் போய்விடும். தவறான பெயர் வெறும் மௌனத்தைவிட ஆபத்தானது.

---

தூக்கணாங்குருவி | செவ்வாய், மாலை 6.20

நான் மருத்துவத் துறையில் இல்லை. மென்பொருள் எழுதுகிறேன், விடுமுறை நாட்களில் ஏரிக்கரையில் பறவை பார்க்கிறேன். அதே கோவின் கட்டுரையில் இன்னொரு பாதி பறவைகளைப் பற்றியது. அதைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

அவர்கள் பயன்படுத்திய தொகுப்பில் 200 வகைப் பறவைகள், 11,788 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அலகின் வடிவம், வயிற்றின் நிறம், இறக்கையின் கோலம் என்று 312 பண்புகள். இணையத்தில் கூலிக்கு வேலை செய்தவர்கள் குறித்தவை அவை. பறவை அறிந்தவர்கள் அல்லர். குறிப்புகளில் பிழை மிகுதி. ஆகவே பெரும்பான்மையை எடுத்தார்கள்: ஒரு வகைப் பறவையின் படங்களில் பாதிக்கு மேல் "கறுப்பு இறக்கை" என்று இருந்தால், அந்த வகையின் எல்லாப் படங்களுக்கும் கறுப்பு இறக்கை. இப்படி வடிகட்டி 112 பண்புகளை வைத்துக்கொண்டார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். ஒரு பறவை முதுகைக் காட்டிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருக்கிறது. வயிறு தெரியவே தெரியாது. ஆனாலும் "வயிறு வெள்ளை" என்றுதான் மாடலுக்குக் கற்பிக்கிறோம். அது என்ன செய்யும்? முதலில் இன்ன பறவை என்று கண்டுபிடித்துவிட்டு, "இந்தப் பறவைக்கு வயிறு வெள்ளையாக இருக்க வேண்டும்" என்று பின்னோக்கிச் சொல்லும். கருத்துருவிலிருந்து முடிவு வர வேண்டிய இடத்தில், முடிவிலிருந்து கருத்துரு வருகிறது.

நம் ஊர் மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். வரப்பில் உட்கார்ந்திருக்கும்போது மண்ணோடு மண்ணாக இருக்கும், பக்கத்தில் போகும்வரை தெரியாது. எழுந்து பறந்தால் இறக்கை முழுவதும் வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பாக மாறிவிடும். "மடையானின் நிறம்" என்று ஒரே பதிலை எப்படிக் குறிப்பது? பெரும்பான்மையைப் பார்த்துப் பழுப்பு என்று எழுதினால், பறக்கும் மடையானின் படத்தில் கண்ணெதிரே இருக்கும் வெள்ளையை இல்லை என்று சொல்ல மாடலுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். என் பெயரைக் கொண்ட குருவியும் அப்படித்தான்: ஆணுக்குக் கூடு கட்டும் காலத்தில் தலை மஞ்சள், மற்ற மாதங்களில் பெண்ணைப் போலவே இருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையிலேயே பறவையை வெட்டி எடுத்து வேறு பின்னணியில் ஒட்டிச் சோதித்தார்கள். கருத்துரு வழியாகச் சென்ற மாடல், நேராகச் சென்ற மாடலைவிட அங்கே நன்றாகத் தாக்குப்பிடித்தது. பின்னணி மரத்தைப் பார்த்துப் பறவையைச் சொல்லும் குறுக்குவழியைக் கருத்துருக்கள் ஓரளவு அடைக்கின்றன. ஆகவே முறையில் உயிர் இருக்கிறது. குறிப்பு எழுதும் இடத்தில்தான் கவனம் வேண்டும்: படத்தில் தெரிவதை எழுத வேண்டும், தெரியாததைத் "தெரியவில்லை" என்று எழுத வேண்டும்.

---

மாமரத்துநிழல் | செவ்வாய், இரவு 8.50

முகாம்களில் விழித்திரைப் படம் எடுப்பவன் நான். தூக்கணாங்குருவி சொன்ன "தெரியவில்லை" என்பதைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பள்ளிக்கூட அறையில் முகாம் நடக்கும். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி இருட்டாக்குவோம். வயதானவர்களுக்குக் கண்மணி சிறுத்திருக்கும். முதல் ஒளி வெட்டியதும் இன்னும் சுருங்கிவிடும், இரண்டாம் படம் ஓரத்தில் இருண்டுபோகும். லென்ஸில் தூசி ஒட்டினால் வெண்மையான மங்கல் புள்ளி ஒன்று எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வரும். அது பார்ப்பதற்குப் பஞ்சுத் திட்டு போலவே இருக்கும். அடுத்தடுத்து நான்கு பேரின் படங்களில் ஒரே இடத்தில் இருந்தால் தூசி என்று எனக்குத் தெரியும். ஒரு படத்தை மட்டும் பார்க்கும் மாடலுக்கு எப்படித் தெரியும்?

தாய்லாந்தில் சில சுகாதார நிலையங்களில் கூகுளின் கருவியை வைத்துப் பார்த்தபோது, முதல் ஆறு மாதங்களில் 1,838 படங்களில் 21 விழுக்காடு தரம் போதவில்லை என்று கருவியே திருப்பிவிட்டதாகப் படித்தேன். அங்கே செவிலியர்கள் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. செங்காந்தள் அம்மா, உங்கள் பட்டியலில் "படத்தின் கோளாறு" என்று ஆறாவதாக ஒன்றைச் சேருங்கள். என்ன கோளாறு என்றும் சொன்னால் நான் அங்கேயே லென்ஸைத் துடைத்துவிட்டு, அவரை வீட்டுக்கு அனுப்புவதற்குள் மறுபடி எடுத்துவிடுவேன்.

---

அரசமரம் | செவ்வாய், இரவு 10.10

இத்தனை மருத்துவர்கள் குறிப்பு எழுத வேண்டும் என்றால் ஆண்டுக்கணக்காகுமே? இப்போது மொழி மாடலிடமே கருத்துருப் பட்டியலைக் கேட்டு, படத்தையும் சொல்லையும் இணைக்கும் கிளிப் போன்ற மாடலைக் கொண்டு மதிப்பெண் போடுகிறார்களே. குறிப்பு எழுதும் வேலையே வேண்டாம் என்கிறார்கள். அதைச் செய்யலாமே? நான் இறுதியாண்டு மாணவன், இதையே செயல்திட்டமாக எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

---

ஒளிநிழல் | புதன், காலை 9.00

தம்பி, எடுங்கள், ஆனால் ஒரு சோதனையைச் சேர்த்து எடுங்கள்.

கிளிப் 2021இல் வந்தது, இணையத்திலிருந்து திரட்டிய 40 கோடிப் படம்-சொல் இணைகளில் பயின்றது. "கோழி: சிவப்புக் கொண்டை, கூரான அலகு" என்று மொழி மாடல் தரும் வருணனைகளைச் சேர்த்தால் படத்தை வகைப்படுத்தும் துல்லியம் உயர்ந்தது. எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2023இல் ராத்தும் குழுவினரும் அந்த வருணனைகளை நீக்கிவிட்டு, தொடர்பே இல்லாத சொற்களையும் பொருளற்ற எழுத்துக் கோவைகளையும் அதே இடத்தில் வைத்தார்கள். துல்லியம் ஏறக்குறைய அதே அளவு உயர்ந்தது! வருணனையின் பொருள் அங்கே வேலை செய்திருக்கும் என்று நம்புவதற்கு அந்தத் துல்லியம் சான்றாகாது என்று ஆயிற்று.

ஆகவே உங்கள் திட்டத்தில், மொழி மாடல் தந்த பட்டியலோடு, வேறு பாடத்திலிருந்து எடுத்த பட்டியல் ஒன்றையும் வைத்து ஓடவிடுங்கள். சமையல் பொருள்களின் பெயர்கள்கூடப் போதும். இரண்டும் ஒரே மதிப்பெண் எடுத்தால் உங்கள் விளக்கம் விளக்கமே இல்லை. வேறுபட்டால் உங்கள் கையில் நல்ல முடிவு இருக்கிறது. விழித்திரையைப் பொறுத்தவரை எனக்கு நம்பிக்கை குறைவு. இணையப் படங்களில் சிரையின் மணி வீக்கத்தை எத்தனை பேர் பெயர் சொல்லிப் பதிவேற்றியிருப்பார்கள்?

இன்னொரு வழியும் உண்டு, செங்காந்தளுக்கும் பயன்படும். பீன் கிம்மும் மற்றவர்களும் 2018இல் தந்த டிகேவ் முறையில் மாடலைக் கலைத்துக் கட்ட வேண்டியதில்லை. கோடு போட்ட படங்கள் சிலவற்றையும் கோடில்லாத படங்கள் சிலவற்றையும் காட்டி, மாடலின் உள்ளே "கோடு" என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். பிறகு அந்தத் திசையில் நகர்ந்தால் "வரிக்குதிரை" என்னும் முடிவு வலுக்கிறதா என்று அளக்கலாம். அதே கட்டுரையில் விழித்திரையும் வருகிறது. முதல் நிலையை மாடல் அடிக்கடி இரண்டாம் நிலை என்று கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. மேல்நிலைகளுக்கே உரிய இரத்தக்கசிவுக் கருத்துரு முதல் நிலையிலும் பங்கு கொள்வதைச் சோதனை காட்டியது. பார்த்த மருத்துவர், "முதல் நிலையில் இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் வேண்டாம் என்று மாடலிடம் சொல்ல விரும்புகிறேன்" என்ற பொருளில் பேசியிருக்கிறார். விளக்கம் என்பதன் பயன் எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. எங்கே பார்த்தது என்பதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆனால் என் மனத்தில் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது, வைகைக்கரை அவர்களிடமே கேட்கிறேன். 2018இல் விழித்திரைப் படத்திலிருந்து ஒருவர் ஆணா பெண்ணா என்பதை மாடல் மிகத் துல்லியமாகச் சொன்னது. எந்தக் கண் மருத்துவராலும் அது முடியாது. அதற்கான கருத்துரு நம் மொழியிலேயே இல்லை. மனிதர் பெயரிட்டவை மட்டுமே கழுத்தைத் தாண்ட வேண்டும் என்றால், நமக்குத் தெரியாததை மாடல் கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடுகிறோம் அல்லவா?

---

வைகைக்கரை | புதன், இரவு 10.45

அடைத்துவிடுகிறோம், உண்மை. நான் இரண்டு இடங்களைப் பிரித்துப் பார்க்கிறேன்.

ஆய்வு அறையில் அடைக்க வேண்டாம். பெயரில்லாத ஒன்றை மாடல் பார்க்கிறது என்றால் அதைத் தேடிப் பிடித்துப் பெயர் வைப்பது எங்கள் வேலை. நுண்புடைப்புக்கும் ஒரு காலத்தில் பெயர் இல்லை. யாரோ நுண்ணோக்கியில் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

ஆனால் முகாமில் என் முன்னால் அறுபது வயதுப் பெண்மணி உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, வலியில்லை. அவரை நகரத்துக்கு லேசர் சிகிச்சைக்கு வரச் சொல்ல வேண்டும். "கண்ணுக்குள்ளே புதுக் குழாய்கள் முளைத்திருக்கின்றன, இவை வெடித்தால் இரத்தம் நிரம்பிப் பார்வை மறைந்துவிடும்" என்று சொல்லிப் படத்திலும் காட்டினால் மகனை அழைத்துக்கொண்டு வருவார். "கணினி 0.93 என்கிறது" என்றால் வரமாட்டார், அவர் வராததில் தவறும் இல்லை. அந்த இடத்தில் எனக்குக் கருத்துரு வேண்டும், அதுவும் நான் என் கண்ணால் சரிபார்க்கக் கூடியதாக வேண்டும்.

செங்காந்தளுக்கு ஒன்று. உங்கள் பயிற்சிப் படங்களில் பஞ்சுத் திட்டு மட்டும் தனியாக இருக்கும் படங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். நீரிழிவுக் கண்களில் அது பெரும்பாலும் இரத்தக்கசிவுகளோடு சேர்ந்தே வரும். எப்போதும் கைகோத்து வரும் இருவரில் யார் யார் என்று ஒரு குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பீர்கள்?

---

செங்காந்தள் | சனி, மாலை 5.30

மூன்று நாட்களாகச் சோதனைகளை ஓடவிட்டேன். கண்டதை அப்படியே எழுதுகிறேன்.

கருத்துருக்களை 0, 1 என்று வெட்டினேன். முதல் நிலைக்கும் நான்காம் நிலைக்கும் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டாம், மூன்றாம் நிலைகளைப் பிரிக்கும் திறன் மட்டும் சரிந்துவிட்டது. டாக்டர் திங்களிரவு சுட்டிக்காட்டிய அதே இடம். என் மாடல் உங்கள் 4-2-1 விதியின் ஏதோ ஒரு நிழலைப் பின்னங்களில் ஒளித்து வைத்திருந்திருக்கிறது.

பிறகு ஐடிரிட் படங்களில் மறைத்துப் பார்த்தேன். இரத்தக்கசிவுகளை மறைத்தால் இரத்தக்கசிவு எண் விழுந்தது. கொழுப்புப் படிவும் அப்படியே. நோய்க்குறி இல்லாத இடத்தை மறைத்தபோது எதுவும் அசையவில்லை. அதுவரை தைரியமாக இருந்தது. பஞ்சுத் திட்டை மறைத்தேன். எண் ஏறக்குறைய அப்படியே நின்றது. அடுத்த படம், அதற்கடுத்த படம், எல்லாவற்றிலும் அப்படித்தான். ஒரு படத்தில் மூன்று பெரிய திட்டுகளையும் மறைத்துவிட்டேன், என் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை, மாடலோ 0.88 என்றது. டாக்டரின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. திட்டுகளைப் பழையபடி வைத்துவிட்டு இரத்தக்கசிவுகளை மட்டும் மறைத்தேன். பஞ்சுத் திட்டு எண் 0.31க்கு விழுந்தது. திட்டுகள் மூன்றும் படத்தில் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன!

பயிற்சிப் படங்களை எண்ணினேன். இரத்தக்கசிவே இல்லாமல் பஞ்சுத் திட்டு மட்டும் இருக்கும் படங்கள் ஒன்பதுதான். அந்த ஒன்பதில் ஐந்தில் திட்டு ஒரே இடத்தில் இருக்கிறது. மாமரத்துநிழல் அவர்களே, ஐந்தும் ஒரே நாள் முகாமில் எடுத்தவை. தூசி.

இத்தனை நாளும் நான் பஞ்சுத் திட்டு என்று பெயர் எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது வேறு பெயரில் ஒளிந்திருந்த இரத்தக்கசிவு. இதை எங்கள் மருத்துவரிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன்.

இப்போது செய்துகொண்டிருப்பவை: ஒவ்வொரு கருத்துருவும் படத்தைச் சிறு சிறு சாளரங்களாக மட்டுமே பார்க்கும்படி மாற்றியிருக்கிறேன்; ஒரு சாளரத்தில் திட்டு இருக்கிறதா என்பதைப் பக்கத்துச் சாளரத்து இரத்தக்கசிவைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தக்கசிவைக் கால்பகுதிவாரியாக எண்ணுகிறேன். மூன்றாம் நிலைக்கு நேர்கோட்டு அடுக்கை எடுத்துவிட்டு டாக்டரின் விதியையே எழுதிவிட்டேன். "படத்தின் கோளாறு" சேர்ந்துவிட்டது: தூசி, இருள், அசைவு என்று மூன்று. குறிப்பில் "தெரியவில்லை" என்ற விடையும் வந்துவிட்டது.

சிரையின் மணி வீக்கம் மட்டும் கைக்கு அடங்கவில்லை. உதாரணப் படங்கள் மிகக் குறைவு.

---

வைகைக்கரை | சனி, இரவு 9.20

நல்ல வேலை. பஞ்சுத் திட்டுக்கு ஒரு யோசனை: நீரிழிவு இல்லாத, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களின் விழித்திரையிலும் அது வரும். அவர்களில் சிலருக்கு இரத்தக்கசிவு இல்லாமலும் இருக்கும். அப்படிப்பட்ட படங்களை உரிய ஒப்புதலோடு கேட்டுப் பெறுங்கள். கைகோத்தவர்களைப் பிரிக்க அதுவே வழி.

விதியை எழுதியதில் ஓர் எச்சரிக்கை. முகாம் கேமரா ஒரே படத்தில் விழித்திரையின் நடுப்பகுதியைத்தான் காட்டும். எங்கள் பழைய அளவுகோல்கள் ஒரு கண்ணுக்கு ஏழு படங்களை வைத்து உருவானவை. ஒரு படத்தில் நான்கு கால்பகுதிகளையும் முழுதாக எண்ணிவிட்டதாக மாடல் சொல்லக் கூடாது. பார்த்த பரப்பு இவ்வளவு என்று அதுவும் சொல்லட்டும்.

மணி வீக்கத்தைக் குறிக்க நான் வருகிறேன். என் நண்பர்கள் இருவரையும் கேட்டிருக்கிறேன். மூவரும் தனித்தனியே குறிப்போம், ஒருவர் குறித்ததை மற்றவருக்குக் காட்ட வேண்டாம். முதலில் அந்தப் படத்தை அனுப்புங்கள், உங்கள் மருத்துவர் மூன்றாம் நிலையா என்று கேட்டாரே, அதை. மாடல் சொன்ன எண்களை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

---

மாமரத்துநிழல் | ஞாயிறு, காலை 6.10

அந்த முகாம் நாள் எது என்று சொன்னால் பதிவேட்டைப் பார்க்கிறேன். அன்று படம் எடுத்தவர்களின் பட்டியல் இருக்கும். தூசி படிந்த படங்களில் இருப்பவர்களை மறுபடி வரச்சொல்லி எடுக்க வேண்டும், தூசிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் இன்னும் பார்க்கவில்லையே.